விசாவும் மருத்துவப் பரிசோதனையும்: ஒரு சிறு வரலாறு

வெளிநாட்டில் ஓராண்டு தங்கி ஊர் சுற்றிப் பார்க்கவும், செலவுக்கு அங்கேயே வேலை செய்துகொள்ளவும் இளைஞர்களுக்குத் தரப்படும் அனுமதிக்கு ‘வொர்க்கிங் ஹாலிடே விசா’ என்று பெயர். ஆஸ்திரேலியா இத்திட்டத்தை 1975ஆம் ஆண்டு தொடங்கியது. முதலில் பிரிட்டன், அயர்லாந்து, கனடா ஆகிய மூன்று நாட்டு இளைஞர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. இந்தியர்களுக்குக் கதவு திறக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. இரு நாடுகளுக்கும் இடையிலான வணிக ஒப்பந்தத்தின்படி, 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 இடங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் விண்ணப்பம் 2024 அக்டோபரில் தொடங்கியது. இடங்களைவிட ஆர்வலர்கள் பல மடங்கு என்பதால் குலுக்கல் முறையில் ஆட்கள் தேர்வு செய்யப்பட்டனர்.

குலுக்கலில் பெயர் வந்துவிட்டால் போதாது. ஆறு மாதமோ அதற்கு மேலோ தங்கப்போகும் இந்தியர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டு, மார்பு எக்ஸ்ரேயும் எடுக்க வேண்டும். அதே பண்ணையில் அதே பழத்தைப் பறிக்கப் போகும் பிரிட்டன் இளைஞருக்குப் பொதுவாக எக்ஸ்ரே தேவையில்லை. காரணம் காசநோய். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பிரிட்டனில் அந்நோய் மிகக் குறைவு.

இந்த எக்ஸ்ரேக்குப் பின்னால் அறுநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் மூன்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தன. வந்திருக்கும் கப்பலில் தொற்று இருக்கிறதா? வந்திருக்கும் ஆள் நோயாளியா? இவரால் நமக்குச் செலவு வருமா? இன்றைய விசா விதிகளில் இந்தக் கேள்விகளின் தடயம் அப்படியே இருக்கிறது. பதில் ‘ஆம்’ என்று வந்தால் அந்த மனிதரை என்ன செய்தார்கள் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

முப்பது நாள், நாற்பது நாள்

1348இல் ஐரோப்பாவைத் தாக்கிய பிளேக் நோய்க்குக் காரணம் என்னவென்று அன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அது கப்பல் வழியாக வருகிறது என்பதைத் துறைமுக நகரங்கள் கண்டுகொண்டன. இன்று குரோஷியாவில் துப்ரோவ்னிக் என்ற பெயரில் இருக்கும் ரகூசா நகரம் 1377இல் ஒரு சட்டம் இயற்றியது. நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோர் ஊருக்குள் நுழையும் முன் 30 நாட்கள் வெளியே தங்கியிருக்க வேண்டும். பின்னர் இந்தக் காலம் பல இடங்களில் 40 நாட்களாயிற்று. இத்தாலிய மொழியில் நாற்பதுக்கு ‘குவாரண்டா’ என்று பெயர். ‘குவாரண்டைன்’ என்ற சொல் அதிலிருந்து வந்ததே. 1423இல் வெனிஸ் நகரம் இதற்கென ஒரு தீவில் நிரந்தர மருத்துவமனையே அமைத்தது.

இந்த முறையில் ஒரு நியாயம் இருந்ததைக் கவனிக்க வேண்டும். பணக்கார வணிகரும் சுமைகூலியும் ஒரே கப்பலில் வந்தால் இருவருக்கும் காவல்தான். காலம் முடிந்து நோய் தோன்றாவிட்டால் இருவருக்கும் வழி திறந்தது. சந்தேகம் கப்பலின்மீது இருந்தது, தனி மனிதர்மீது அல்ல.

மேல்சட்டையில் ஒரு சாக்பீஸ் எழுத்து

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. நீராவிக் கப்பல்களில் ஏழைகள் லட்சக்கணக்கில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். 1882இல் அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம், தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் பொதுமக்களுக்குச் சுமையாகக்கூடியவர்களைத் தடுத்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டம், அருவருப்பான அல்லது ஆபத்தான தொற்றுநோய் உள்ளவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. வந்திறங்கும் ஒவ்வொருவரையும் அரசு மருத்துவர் பார்க்க வேண்டும் என்றும், தள்ளுபடியானவரை அழைத்து வந்த கப்பல் நிறுவனமே தன் செலவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்றும் அச்சட்டம் கூறியது.

1892 ஜனவரி 1ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு நிலையம் திறக்கப்பட்டது. 1954இல் அது மூடப்படும் வரை சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் அவ்வழியே நுழைந்தனர். மூட்டை முடிச்சுகளோடு மாடிப்படி ஏறுபவர்களை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். மூச்சு வாங்குகிறதா, கால் நொண்டுகிறதா, பார்வை தடுமாறுகிறதா என்று சில நொடிகளில் முடிவு செய்வார்கள். சந்தேகம் வந்தால் மேல்சட்டையில் சாக்பீஸால் ஓர் எழுத்து எழுதப்படும். இதயத்துக்கு ‘ஹெச்’, கண்ணுக்கு ‘இ’, மனநிலையில் ஐயம் இருந்தால் ‘எக்ஸ்’. எழுத்து விழுந்தவர் வரிசையிலிருந்து விலக்கப்பட்டு மேல் பரிசோதனைக்கு அனுப்பப்படுவார்.

எல்லோரும் அஞ்சியது கண் பரிசோதனையைத்தான். பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா நோயைக் கண்டறிய, காலணிப் பித்தானை மாட்டப் பயன்படும் சிறு கொக்கியால் கண் இமையை மடித்துப் பார்த்தார்கள். அந்நோய் இருந்தால் பெரும்பாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் நோய் இருந்தால், மற்றவர்கள் உள்ளே போவதா, கூடவே திரும்புவதா என்று அங்கேயே முடிவெடுக்க நேர்ந்தது.

எல்லாக் காரணங்களையும் சேர்த்துத் திருப்பி அனுப்பப்பட்டோர் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் இந்த வரிசையில் நின்றவர்கள் கப்பலின் அடித்தட்டில் பயணம் செய்த ஏழைகள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகளைக் கப்பலிலேயே மேலோட்டமாகப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். வெனிஸில் ஒரே கரையில் காத்திருந்த பணக்காரரும் ஏழையும் இங்கே பிரிக்கப்பட்டனர்.

தீவின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1902இல் அங்கே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. குணப்படுத்தக்கூடிய நோய் உள்ள பலர் அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றுப் பிறகு நாட்டுக்குள் போனார்கள்.

கொக்கிப்புழுவும் ஏஞ்சல் தீவும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1910 முதல் 1940 வரை ஏஞ்சல் தீவு நிலையம் இயங்கியது. இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் சீனர், ஜப்பானியர், இந்தியர் முதலான ஆசியர்கள். இவர்களைக் கண்ணால் பார்ப்பதோடு விடவில்லை. மலப் பரிசோதனையும் செய்தார்கள். 1910இல் கொக்கிப்புழு நோய் ஆபத்தான தொற்றுநோய்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அந்தக் காரணத்தைக் காட்டி இந்தியர் பலர் தடுக்கப்பட்டனர்.

இதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ராக்ஃபெல்லர் நிதியில் அமைந்த சுகாதாரக் குழு ஒன்று 1909 முதல் 1914 வரை கொக்கிப்புழு ஒழிப்பு வேலை செய்துகொண்டிருந்தது. அங்கே பரிசோதித்த பள்ளிக் குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு அந்தப் புழு இருந்தது. அதாவது வெளியே நிறுத்துவதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட நோய் ஏற்கெனவே வீட்டுக்குள் பரவலாக இருந்தது. அதற்கு மலிவான மருந்தும் இருந்தது. யாரைத் தடுக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற நோயைப் பின்னர் தேடுவதும் உண்டு என்பதற்கு ஏஞ்சல் தீவு ஓர் உதாரணம்.

மண்டபம் கேம்ப்

இராமேசுவரம் செல்லும் ரயில் பாதையில் ‘மண்டபம் கேம்ப்’ என்றொரு நிலையம் உண்டு. அந்தக் ‘கேம்ப்’ ராணுவ முகாம் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களைப் பரிசோதித்து நிறுத்திவைத்த தனிமை முகாம் அது.

1896இல் பம்பாயில் பிளேக் பரவியதும் இலங்கை அரசு அஞ்சியது. காலரா, அம்மை பற்றிய பயம் அதற்கு முன்பே இருந்தது. தோட்டங்களுக்கு ஆட்களும் வேண்டும், நோயும் வரக்கூடாது. எனவே இலங்கை அரசே இந்திய மண்ணில் முகாம்களை நடத்தியது. தூத்துக்குடி வழியே போனவர்களுக்குத் தட்டப்பாறையிலும், 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் வந்த பிறகு அவ்வழியே போனவர்களுக்கு மண்டபத்திலும் முகாம்கள் இருந்தன. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் இங்கே சில நாட்கள் கண்காணிப்பில் இருந்து, அம்மை குத்திக்கொண்டு, பிறகே கடல் கடந்தன.

உலகக் குடியேற்ற வரலாற்றில் மண்டபம் போன்ற முகாம்களுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. போகும் நாட்டின் அதிகாரி, புறப்படும் நாட்டிலேயே உட்கார்ந்து ஆளைப் பரிசோதிக்கிறார். இன்று சென்னையில் ஆஸ்திரேலியா அங்கீகரித்த மருத்துவமனையில் ஓர் இளைஞர் எக்ஸ்ரே எடுப்பதும் இதே ஏற்பாடுதான். பின்னாளில் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்களும், அதன்பின் போரினால் வந்த ஈழ அகதிகளும் அதே மண்டபத்தில் தங்க வைக்கப்பட்டார்கள்.

எல்லை துறைமுகத்தை விட்டுப் போனது

அமெரிக்கா 1903இல் இன்னொரு விதி கொண்டு வந்தது. புறப்படும் துறைமுகத்திலேயே கண்டுபிடித்திருக்கக்கூடிய நோயோடு ஒருவரைக் கொண்டுவந்தால் கப்பல் நிறுவனம் 100 டாலர் அபராதம் கட்ட வேண்டும். அதனால் ஹாம்பர்க் முதலான ஐரோப்பியத் துறைமுகங்களில் நிறுவனங்களின் மருத்துவர்களே முன்கூட்டிப் பரிசோதனை நடத்தினார்கள். 1924ஆம் ஆண்டுச் சட்டம் புறப்படும் முன்பே விசா பெற வேண்டும் என்றது. அடுத்த ஆண்டு முதல் அமெரிக்க மருத்துவர்கள் ஐரோப்பியத் தூதரகங்களுக்கே போய்ப் பரிசோதிக்கத் தொடங்கினர்.

இதில் ஒரு நன்மை உண்டு. நிலம் நீச்சு விற்றுக் கடல் தாண்டி வந்த பிறகு திருப்பி அனுப்பப்படும் கொடுமை குறைந்தது. ஒரு தீமையும் உண்டு. தள்ளுபடியானவர்கள் தத்தம் ஊரிலேயே யாருக்கும் தெரியாமல் நின்றுவிட்டார்கள். எல்லிஸ் தீவில் அழுதவர்களைப் பத்திரிகைகள் படம் பிடித்தன. தூதரகத்தில் கிடைத்த மறுப்புக் கடிதத்தை யாரும் படம் பிடிக்கவில்லை.

எக்ஸ்ரேயும் சென்னை ஆய்வும்

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்தது 1882இல். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். 1936இல் பிரேசில் மருத்துவர் மனுவேல் தெ அப்ரேயு சிறிய ஃபிலிமில் விரைவாக மார்புப் படம் எடுக்கும் முறையை உருவாக்கினார். இதன்பின் ஆயிரக்கணக்கானோரை மலிவாகப் படம் எடுப்பது சாத்தியமாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறுவோரைப் பெருமளவில் சேர்த்துக்கொண்ட ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் மார்பு எக்ஸ்ரேயை வழக்கமாக்கின.

அதுவரை காசநோய் என்றால் சானடோரியம்தான். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. வேறு மருந்துகளும் தொடர்ந்தன. 1956இல் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம் அமைக்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும், மறு பகுதியினரை நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயும் வைத்து அங்கே சிகிச்சை அளித்தனர். வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்தார்கள். அவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

இதனால் ‘நோய் கண்டால் என்ன?’ என்ற கேள்விக்கும் விடை மாறியது. இன்று ஆஸ்திரேலிய விசாவுக்கான எக்ஸ்ரேயில் சந்தேகம் தெரிந்தால் சளிப் பரிசோதனை செய்கிறார்கள். கிருமி வளர்கிறதா என்று பார்க்க எட்டு வாரம் வரை ஆகலாம். நோய் இருந்தால் சிகிச்சையை முடித்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடரலாம். முன்பு காசநோய் வந்து குணமானது தடை அல்ல. ஆனால் வளைகுடா நாடுகளுக்கான ‘மெடிக்கல்’ எழுதியவர்களுக்குத் தெரியும், அங்கே நுரையீரலில் பழைய தழும்பு இருந்தாலே ‘அன்ஃபிட்’ என்று வந்துவிடும். ஒரே எக்ஸ்ரே, இரு வேறு தீர்ப்புகள்.

மருந்து இல்லாத பயம்

1987இல் அமெரிக்கா ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. தொற்று உள்ளவர் சுற்றுலாவுக்குக்கூட எளிதில் போக முடியவில்லை. 1992இல் பாஸ்டனில் நடக்கவிருந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாடு இந்தத் தடையை எதிர்த்து ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றப்பட்டது. பக்கத்தில் அமர்வதால் அது பரவாது என்று மருத்துவர்கள் எத்தனை முறை சொல்லியும் தடை நீங்க 2010 ஜனவரி வரை ஆயிற்று.

பரிசோதனை மேசை வேறு சந்தேகங்களுக்கும் பயன்பட்டிருக்கிறது. 1979இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், திருமணத்துக்காக வந்த ஓர் இந்தியப் பெண்ணுக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தப்பட்டதைக் கார்டியன் நாளிதழ் வெளிப்படுத்தியது. பெரும் கண்டனத்துக்குப் பின் அது நிறுத்தப்பட்டது. இப்படிப் பல பெண்கள் பரிசோதிக்கப்பட்டதும், பெரும்பாலும் அது இந்தியாவிலேயே நடந்ததும் பிற்கால ஆவணங்களில் தெரிய வந்தது. அதில் நோய் பற்றிய கேள்வியே இல்லை.

மூன்றாவது கேள்வி

ஆஸ்திரேலியாவின் இன்றைய சுகாதார நிபந்தனை மூன்று பகுதிகள் கொண்டது. காசநோய் இருக்கக்கூடாது. பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்தான நோய் இருக்கக்கூடாது. பெரும் மருத்துவச் செலவை உண்டாக்கும் நோயோ குறைபாடோ இருக்கக்கூடாது. பெயர் சொல்லிக் குறிக்கப்படும் ஒரே நோய் காசநோய்தான். மூன்றாவது பகுதி, 1882இல் அமெரிக்கா கேட்ட ‘பொதுச் சுமை’ என்ற அதே கேள்வி. ‘பெரும் செலவு’ என்பதற்கான வரம்பு 2024 ஜூலையில் 51,000 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 86,000 டாலராக உயர்த்தப்பட்டது.

2008இல் நடந்த ஒரு நிகழ்ச்சி இக்கேள்வியின் கடுமையைக் காட்டும். மருத்துவர் பற்றாக்குறை இருந்த விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷம் என்ற ஊருக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு மருத்துவர் வந்து பணியாற்றினார். அவர் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டபோது, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருப்பதால் செலவு அதிகம் ஆகும் என்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது. ஊர் மக்கள் எதிர்த்தனர். நாடு முழுவதும் பேச்சாயிற்று. இறுதியில் அமைச்சர் தலையிட்டு அனுமதி வழங்கினார். தந்தை எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்தார் என்பதைக் கணக்கிட விதியில் இடமில்லை. மகனுக்கு ஆகும் செலவைக் கணக்கிட மட்டுமே இடமிருந்தது.

பிரிட்டன் இந்தக் கேள்வியை வேறு வழியில் தீர்த்தது. 2015 முதல் விசாவுடனேயே மருத்துவக் கட்டணம் வசூலிக்கிறது. இந்திய இளைஞர்கள் ஈராண்டு தங்கி வேலை செய்ய 2023இல் ஒரு தனித் திட்டம் வந்தது. அதில் போவோருக்கு 2024 பிப்ரவரி நிலவரப்படி இக்கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. ஈராண்டுக்கு 1,552 பவுண்டு முன்பணமாகக் கட்ட வேண்டும். அதற்குமேல் காசநோய்ச் சான்றிதழும் தேவை.

விண்ணப்பிப்போர் அறிய வேண்டியவை

இன்று விண்ணப்பிக்கும் இளைஞர் அந்தந்த நாடு அங்கீகரித்த மருத்துவமனைக்கு மட்டுமே போக வேண்டும். வேறு இடத்தில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. மருத்துவமனை, பள்ளி, குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றில் வேலை செய்யப் போகிறவர்களுக்குக் கூடுதல் பரிசோதனைகள் வரலாம். முன்பு காசநோய் வந்திருந்தால் பழைய எக்ஸ்ரே, சிகிச்சைச் சான்று ஆகியவற்றைக் கொண்டுபோவது நல்லது. மறைத்தால் படம் காட்டிக் கொடுத்துவிடும், பொய் சொன்ன குற்றமும் சேரும். கருவுற்ற பெண்கள் எக்ஸ்ரேக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சளிப் பரிசோதனைக்கு எட்டு வாரம் ஆகலாம் என்பதால் மருத்துவ முடிவு வரும் முன் விமான டிக்கெட் வாங்கக்கூடாது.

எந்த நாட்டுக்கும் தன் மக்களை நோயிலிருந்து காக்கும் உரிமை உண்டு. ரகூசா செய்ததும் அதுதான். கப்பலைப் பற்றிய முதல் கேள்விக்குக் காத்திருப்பு விடையாக இருந்தது. நோயைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு மருத்துவம் விடை தந்தது. எல்லிஸ் தீவில் பலரைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பச் செய்த டிரக்கோமா இன்று மருந்தில் குணமாகும். காசநோய் கண்டவரும் சிகிச்சை முடித்து விமானம் ஏறலாம். செலவைப் பற்றிய மூன்றாவது கேள்விக்கு மட்டும் காத்திருப்பாலும் பயனில்லை, மருந்தாலும் பயனில்லை. ஹார்ஷம் சிறுவனுக்கு விடை கிடைத்தது ஊர் மக்கள் குரல் கொடுத்ததால். அப்படி ஓர் ஊர் பின்னால் நிற்காதவர்களின் விண்ணப்பங்கள் அந்த மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன.